ஒரு தோட்டாவின் வரலாறு: கோல்ட் 45

மனிதன் தன் கைக்கருவிகளிடம் கொள்ளும் பற்று விந்தையானது. புதியது வந்தவுடன் பழையதை மூலையில் இடுவது உலக வழக்கம். ஆயினும் சில பொருள்கள் இவ்வழக்குக்கு உட்படாமல் நின்றுவிடுகின்றன. நீராவி எஞ்சின் ஓய்வுபெற்ற பின்னரும், அது மலைப்பாதையில் ஏறுவதைக் காண மக்கள் திரள்கிறார்கள். அத்தகைய பொருள்களுள் ஒன்றைப் பற்றி இங்கே பேச எண்ணுகிறேன். அது ஒரு தோட்டா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1870களின் தொடக்கத்தில் உருவாகி, 1873 ஆம் ஆண்டில் படைக்கு ஏற்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே பழமையானது என்று அப்படையாலேயே ஒதுக்கப்பட்டது. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அது அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு வருகிறது. அதற்குரிய ரிவால்வர்களும் செய்யப்படுகின்றன. அதனைப் போற்றுவோர் பல்லாயிரவர் இருக்கின்றனர். அதன் பெயர் கோல்ட் 45.

இந்தப் பற்றுக்குக் காரணம் யாது? அதில் அறிவு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே நமது நோக்கம். உயிரைப் போக்க வல்ல ஒரு பொருளைப் பற்றிய விருப்பமாதலின், இப்பிரிவினை வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று என்பதையும் போகப்போக உணர்வீர்கள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு என்னும் இரண்டையும் நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். அவை ஒன்றல்ல. குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து செல்லும் காரீயத் துண்டு. தோட்டா என்பதோ அக்குண்டையும், அதனைத் தள்ளும் வெடிமருந்தையும், அம்மருந்துக்குத் தீயூட்டும் சிறு கிண்ணத்தையும், இவற்றை ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும் உலோகக் கூட்டையும் சேர்த்துக் குறிப்பது. தீபாவளியன்று சிறுவர்கள் கல்லால் தட்டி வெடிக்கும் பொட்டு வெடியை நீங்கள் அறிவீர்கள். அடித்தால் வெடிக்கும் அவ்வகை மருந்து சிறிதளவு தோட்டாவின் அடியில் வைக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் துப்பாக்கியின் சுத்தியல் அதன்மீது விழுகிறது, பொறி எழுகிறது, வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது, வாயுவின் அழுத்தம் குண்டை முன்னே தள்ளுகிறது. 45 என்னும் எண் குண்டின் குறுக்களவைக் குறிப்பதாகும். ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கினால் அதில் நாற்பத்தைந்து கூறு. அதாவது ஏறத்தாழ 11½ மில்லிமீட்டர். கைத்துப்பாக்கிக்கு இது பெரிய குறுக்களவே.

இனி, இத்தோட்டா பிறந்த சூழ்நிலையைக் காண்போம். சாமுவேல் கோல்ட் என்பவர் 1836 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தம் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே குழல், அதன் பின்னே பல அறைகள் கொண்ட ஓர் உருளை, சுத்தியலைப் பின்னுக்கு இழுக்குந்தோறும் உருளை ஓர் அறையளவு சுழன்று புதிய அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். ரிவால்வர் என்னும் பெயர் இச்சுழற்சியால் வந்ததே. அக்காலத்தில் இதில் தோட்டா இல்லை. ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நெம்புகோலால் இறுக்கி, பின்புறத்தில் பொறிமூடி ஒன்றைப் பொருத்தவேண்டும். ஆறு அறைகளையும் நிரப்ப நிமிடங்கள் ஆகும். மழை பெய்தால் மருந்து நனையும். குதிரைமேல் செல்பவன் இவ்வேலையைச் செய்வது எளிதன்று.

உருளையின் அறைகளை முன்னும் பின்னும் திறந்த துளைகளாகச் செய்து, பின்புறமிருந்து தோட்டாவைச் செருகிவிட்டால் இத்தொல்லை நீங்கும். இந்த எண்ணம் 1855 ஆம் ஆண்டிலேயே ரோலின் வொயிட் என்பவரால் காப்புரிமை செய்யப்பட்டுவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் அனுமதியைப் பெற்றவர்கள் கோல்ட் அல்லர். அவருடைய போட்டியாளரான ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தார். ஆகவே, 1869 ஆம் ஆண்டில் அக்காப்புரிமை காலாவதியாகும் வரையில் கோல்ட் நிறுவனம் காத்திருக்கவேண்டியதாயிற்று. அதற்குள் சாமுவேல் கோல்ட் 1862 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் இருந்த தொழிற்சாலை அவருடைய மனைவியார் எலிசபெத் கோல்டின் உடைமையாயிற்று. எந்தத் துப்பாக்கியால் கோல்ட் என்னும் பெயர் உலகெங்கும் பரவியதோ, அந்தத் துப்பாக்கியை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

அத்துப்பாக்கியின் அமைப்பில் பெரும்பங்கு வில்லியம் மேஸன் என்னும் பொறியியல் வல்லுநருக்கு உரியது. அமெரிக்கப் படைத்துறை 1873 ஆம் ஆண்டில் அதனை ஏற்று, முதல் ஒப்பந்தமாக 8,000 துப்பாக்கிகள் வாங்க இசைந்தது. அதற்கென உருவாக்கிய தோட்டாவின் அளவுகளை இப்போது கவனியுங்கள். குண்டின் எடை 255 கிரெயின். மருந்தின் எடை 40 கிரெயின். கூட்டின் நீளம் 1.285 அங்குலம். கிரெயின் என்பது தானிய மணி ஒன்றின் எடையைக் கொண்டு பிறந்த பழைய அளவை. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் பொன்னை நிறுத்ததைப் போன்ற வழக்கம் அது. நம் கணக்கில் கூறினால், குண்டு இரண்டு பவுன் எடைக்குச் சற்று மேல். மருந்து பவுனில் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மை. படையில் மருந்தின் அளவை விரைவிலேயே 30 கிரெயினாகக் குறைத்துக்கொண்டனர். 40 கிரெயின் தோட்டா பொதுமக்கள் சந்தையில் நின்றது.

குண்டு இத்துணைப் பெரிதாகவும் கனமாகவும் இருக்கவேண்டிய தேவை என்ன? விடை வெடிமருந்தில் இருக்கிறது. அந்நாளில் இருந்தது கருமருந்து ஒன்றே. வெடியுப்பு ஏறத்தாழ 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு கலந்து அரைத்த தூள் அது. அதில் சேரும் வெடியுப்பு பல தலைமுறைகளாக நம் நாட்டின் பீகார், வங்காளப் பகுதிகளிலிருந்தே மேனாடுகளுக்குக் கப்பலேறியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861 ஆம் ஆண்டில், லாமட் டூ பாண்ட் என்னும் மருந்து உற்பத்தியாளர் இந்திய வெடியுப்பை வாங்குவதற்கென்றே இங்கிலாந்துக்குச் சென்றார் என்பது வரலாறு. இக்கருமருந்து எரியும்போது பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் புகையாகவும் கரியாகவும் கசடாகவும் நின்றுவிடும். ஆகவே, கைத்துப்பாக்கியின் குறுகிய குழலில் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்குமேல் உயர்த்த இயலாது. வேகத்தை உயர்த்த இயலாதபோது வலிமையை எங்ஙனம் பெறுவது? எடையையும் பருமனையும் கூட்டித்தான் பெறவேண்டும். கோல்ட் 45 தோட்டாவின் அகன்ற உருவம் ஆடம்பரத்தால் வந்ததன்று. அக்கால இரசாயனத்தின் எல்லையிலிருந்து பிறந்தது.

இயற்பியல் மாணவர்கள் இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். முழு அளவு மருந்துடன் நீண்ட குழலிலிருந்து வெளிப்படும் இக்குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர். ஒலியின் வேகம் 340 மீட்டர் ஆதலின், குண்டு தன் ஓசைக்குப் பின்னேயே செல்கிறது. குண்டின் நிறை 16.5 கிராம்; துப்பாக்கியின் நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு பெறும் உந்தத்தைத் துப்பாக்கியும் எதிர்த்திசையில் பெறவேண்டும். பெருக்கி வகுத்துப் பார்த்தால், துப்பாக்கி விநாடிக்கு 4 மீட்டர் அளவான வேகத்தில் பின்னோக்கிக் கிளம்பும் என்று காண்பீர்கள். வெளிப்படும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் சற்று மிகும். இந்தப் பின்னுதைப்பைத் தாங்கும் வகையில் கைப்பிடி கலப்பையின் மேழியைப் போல் வளைந்திருக்கிறது. சுடும்போது அது உள்ளங்கையில் மேல்நோக்கி உருளுமேயன்றி எலும்பில் இடிப்பதில்லை. குழலின் உட்புறத்தில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் திருகு வரிகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் குண்டு வெளிவரும்போது விநாடிக்கு 660 சுற்றுகளுக்குக் குறையாமல் சுழல்கிறது. பம்பரம் சுழலும் வரையில் சாய்வதில்லை அல்லவா? குண்டு நேரே செல்வதும் அதே தத்துவத்தால்தான்.

இத்துணைப் பொருத்தமான அமைப்பாயினும் குறைகளும் இருந்தன. ஆறு அறைகளும் நிரம்பியிருக்கையில், ஓய்வு நிலையிலுள்ள சுத்தியலின் கூர்முனை ஒரு தோட்டாவின் பொறிக்கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கி கைதவறிச் சுத்தியல் தரையில் மோதினால் போதும், அது வெடித்துவிடலாம். எனவே, ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்றறையின்மீது சுத்தியலை இறக்கி வைப்பதே அறிந்தவர் வழக்கமாயிற்று. ஆறு தோட்டாத் துப்பாக்கி என்று உலகம் புகழ்ந்த கருவி, அதனை நன்கறிந்தவர் கையில் ஐந்து தோட்டாத் துப்பாக்கியாகவே இருந்தது.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. படைத்துறை 1875 ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஸ்கோஃபீல்டு துப்பாக்கியையும் ஏற்றது. அதுவும் 45 எண்ணே. ஆயினும் அதன் உருளை குட்டையானது. கோல்டின் நீண்ட தோட்டா அதற்குள் அடங்காது. ஒரே எண் கொண்ட இருவகைத் துப்பாக்கிகள், ஒன்றில் மட்டுமே பொருந்தும் ஒரு தோட்டா! எல்லைப்புறக் காவல் நிலையம் ஒன்றில் தவறான பெட்டி வந்து இறங்கினால் நேரக்கூடியதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் பொருந்துமாறு குறுகிய தோட்டா ஒன்றையே படைத்துறை பின்னர் வழங்கலாயிற்று. நெடிய தோட்டாவை நீள் கோல்ட் என்று இன்றும் பலர் அழைப்பது அக்குழப்பத்தின் எச்சமே.

இனிக் கற்பனையின் பக்கம் வருவோம். இத்துப்பாக்கிக்குச் சின்சினாட்டி நகரத்து வணிகர் ஒருவர் சூட்டி விற்ற பெயர், சமாதானம் செய்பவன் என்று பொருள்படும் பீஸ்மேக்கர் என்பது. அந்தச் சமாதானம் எத்தகையது என்பதை அமெரிக்கப் பழங்குடி மக்களைத்தான் கேட்கவேண்டும். லகோட்டா, செயென் முதலிய இனத்தார் தம் நிலத்தையும் காட்டெருமைக் கூட்டங்களையும் காக்கப் போரிட்ட காலம் அது. 1876 ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், ஜார்ஜ் கஸ்டரின் தலைமையில் சென்ற ஏழாம் குதிரைப்படையினரின் இடையில் இருந்தது கோல்ட் 45. கஸ்டரும், அவருடன் நேரே சென்ற 200-க்கு மேற்பட்டவர்களும் அன்று மாண்டனர். வெற்றி பழங்குடியினருடையது, ஆனால் நிலைக்கவில்லை. 1890 ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்னுமிடத்தில் அதே ஏழாம் குதிரைப்படை, பெண்களும் குழந்தைகளும் உட்பட 150-க்கு மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்றது. இடைத் துப்பாக்கியின் பங்கு அங்கே சிறிதாயினும், பெயருக்கும் செயலுக்கும் இருந்த தொலைவை மறத்தலாகாது.

திரைப்படங்கள் வளர்த்த கற்பனை வேறு வகையானது. குதிரை வீரன் ஒருவன் தோள் துப்பாக்கியிலும் இடைத் துப்பாக்கியிலும் ஒரே 45 தோட்டாவை இட்டுச் சுடுவதாகப் படங்களில் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது நிகழ்ந்திருக்க இயலாது. வின்செஸ்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1873 ஆம் ஆண்டுத் தோள் துப்பாக்கி கோல்ட் 45 தோட்டாவுக்கு அந்நாளில் செய்யப்பட்டதே இல்லை. அத்தோட்டாவின் அடிவிளிம்பு மிகச் சிறியது. ரிவால்வரில் சுட்ட கூட்டை ஒரு கம்பியால் உள்ளிருந்து தள்ளி வெளியேற்றுவதால் சிறு விளிம்பு போதும்; தோள் துப்பாக்கியிலோ ஒரு கொக்கி விளிம்பைப் பற்றி இழுக்கவேண்டும். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா வேண்டும் என்போருக்காக, கோல்ட் நிறுவனமே வின்செஸ்டரின் 44 எண் தோட்டாவுக்குத் தன் ரிவால்வரை 1870களின் இறுதியில் செய்து தந்தது.

படைத்துறை 1892 ஆம் ஆண்டில் 45-ஐக் கைவிட்டு, இலகுவான 38 எண் ரிவால்வரை ஏற்றது. அதற்குள் ஏறத்தாழ 37,000 கோல்ட் ரிவால்வர்களை அரசாங்கம் வாங்கியிருந்தது. பின்னர் 1899 ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் போர் மூண்டது. ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட தம் நாட்டை அமெரிக்கா கைக்கொள்வதை எதிர்த்து அத்தீவினர் போரிட்டனர். தெற்கே மோரோ மக்களின் எதிர்ப்பு 1913 வரை நீடித்தது. உயிரைத் துரும்பாக மதித்து வாளேந்திப் பாய்ந்து வந்த அவர்களை 38 எண் குண்டு தடுத்து நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். கிடங்குகளில் கிடந்த பழைய 45 மீண்டும் எடுத்து வழங்கப்பட்டது. 1904 ஆம் ஆண்டில் தாம்ஸன், லகார்டு என்னும் இரு படை அதிகாரிகள் மனித உடலங்களின்மீதும், சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகளின்மீதும் பல்வகைக் குண்டுகளைச் சுட்டு ஆராய்ந்து, கைத்துப்பாக்கிக் குண்டு 45-க்குக் குறையலாகாது என்று அறிக்கை தந்தனர். அச்சோதனை முறையின் செம்மையைப் பற்றி இன்றளவும் வாதம் உண்டு. ஆயினும், அதன் பயனாக 1911 ஆம் ஆண்டில் ஜான் பிரவுனிங் அமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கி 45 எண்ணிலேயே ஏற்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். பிரவுனிங்கின் புதிய தோட்டாவில் குண்டு 230 கிரெயின்; வேகமும் பழைய 45-ஐ ஒட்டியதே. ஆனால் கூட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இதற்குக் காரணம், பிரெஞ்சு இரசாயன வல்லுநர் பால் வியே 1884 ஆம் ஆண்டில் உருவாக்கிய புகையற்ற வெடிமருந்து. சிறிதளவே போதும், எரிந்தால் பெரும்பாலும் வாயுவாகிவிடும். கருமருந்தின் பருமனுக்காக நீட்டிய கோல்ட் 45 கூட்டில் இப்போது பாதிக்கு மேல் வெற்றிடம். அவ்வெற்றிடத்தை என் செய்வது? இந்தக் கேள்வியே இத்தோட்டாவின் பிற்கால வரலாற்றை நடத்திச் சென்றது.

அவ்விடத்தை மேலும் மருந்தால் நிரப்பினால் வேகத்தைப் பெருக்கலாம் அல்லவா என்று சிலர் எண்ணினர். ஐடஹோ மாநிலத்தில் கால்நடைப் பண்ணை நடத்திய எல்மர் கீத் என்பவர், கனத்த குண்டும் மிகுந்த மருந்தும் இட்டுச் சோதித்தபோது, 1925 ஆம் ஆண்டில் அவர் கையிலிருந்த பழைய கோல்ட் 45-இன் உருளை மேற்புறம் வெடித்துச் சிதறியது. அறைகள் அகன்றிருப்பதால் அவற்றுக்கு இடையேயுள்ள உலோகச் சுவர் மெலிந்திருப்பதே காரணம் எனக் கண்ட கீத், சற்றுக் குறுகிய 44 எண்ணுக்கு மாறினார். அவருடைய நெடுநாள் முயற்சியின் தூண்டுதலால் 1955 ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் 44 மேக்னம் என்னும் பேராற்றல் தோட்டாவை வெளிக்கொணர்ந்தன. அதே பத்தாண்டில் யூட்டா மாநிலத்தில் டிக் கசல் என்பவர் 45-ஐயே வலிமையாக்கி 454 கசல் தோட்டாவை அமைத்தார்.

இவ்விரு புதிய தோட்டாக்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டின் கூடும் தத்தம் முன்னோடியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்குலம் நீளமானவை. மருந்துக்கு இடம் தேடி நீட்டியதன்று இது. பழைய துப்பாக்கியின் அறையில் புதிய தோட்டா நுழையாதிருக்கவேண்டும் என்பதே கருத்து. அறியாதவன் ஒருவன் பழைய துப்பாக்கியில் அதனைச் செருக முயன்றால் உருளை சுழலாது. அவன் கை தப்பும். எச்சரிக்கையை எழுத்தில் எழுதாமல் உலோகத்தின் அளவிலேயே எழுதிவைத்த நல்லறிவு இது.

கோல்ட் 45-க்கு அந்தக் காவல் இல்லை. கோல்ட் நிறுவனம் தன் பழைய ரிவால்வரை 1941 ஆம் ஆண்டில் நிறுத்தியது; அதுவரை செய்தவை ஏறத்தாழ 357,000. பின்னர்த் தொலைக்காட்சியில் குதிரை வீரர் கதைகள் பெருகவே, மக்கள் அத்துப்பாக்கியை நாடினர். 1956 ஆம் ஆண்டில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இதற்கிடையே வில்லியம் ரூகர் என்பவரின் நிறுவனம் உருவத்தில் பழையதும் உறுதியில் புதியதுமான ரிவால்வர்களைச் செய்தது. சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் இடையே ஓர் இடைச்சட்டத்தை வைத்து, விசையை முழுதும் இழுத்தாலன்றி அடி விழாதபடி 1973 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திருத்தியமைத்தது. நூறாண்டுகள் வெறுமையாக இருந்த ஆறாம் அறையை அப்போதுதான் அச்சமின்றி நிரப்ப முடிந்தது. இத்தகைய உறுதியான துப்பாக்கிகளில் 45 தோட்டாவைப் பழைய அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்துக்கு நிரப்பிச் சுடுவோர் தோன்றினர். அமெரிக்கத் தொழில்துறை இத்தோட்டாவுக்கு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. அதுவே காற்றின் அழுத்தத்தைப்போல் 900 மடங்குக்கு மேல். 44 மேக்னத்துக்கோ 36,000 பவுண்டு.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. புதிய துப்பாக்கிக்காக வலிமை கூட்டிய தோட்டாவும், பழைய அளவான தோட்டாவும் நீளத்தில் ஒன்றே, தோற்றத்திலும் ஒன்றே. வலிமை கூட்டிய தோட்டா 1880 ஆம் ஆண்டில் செய்த துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். பித்தளைக் கூடு எதையும் சொல்லாது. வேறோர் ஆபத்தும் உண்டு. புகையற்ற மருந்து சிறிதளவே ஆதலின், கவனமின்றி ஒரே கூட்டில் இருமுறை மருந்தைக் கொட்டிவிட்டாலும் கூடு நிரம்பி வழியாது. மேலே குண்டை அழுத்திவிட்டால் தவறு மறைந்துபோகும். கருமருந்துக் காலத்தில் இத்தவறு நேரவே முடியாது. ஏனெனில் ஒருமுறை கொட்டினாலே கூடு நிரம்பிவிடும். அன்று பருமனே காவலாக இருந்தது. இன்று தராசும், குறிப்பேடும், சுடுவோனின் மனக்கட்டுப்பாடுமே காவல்.

இதனால்தான் இத்தோட்டாவின் உண்மையான அன்பர்களைப் பார்க்கும்போது, அவர்கள் வீரம் பேசுவோராக இல்லாமல் அளவு பார்ப்போராக இருக்கக் காண்கிறோம். சுட்ட கூடுகளைத் திரட்டித் துலக்குகிறார்கள். காரீயத்தில் வெள்ளீயம் கலந்து உருக்கி அச்சில் வார்க்கிறார்கள். மருந்தைக் கிரெயினின் பத்தில் ஒரு பங்கு வரையில் நிறுக்கிறார்கள். நாளும் அளவும் குறித்து வைக்கிறார்கள். 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தோன்றிய ஒரு சங்கம், பழங்கால உடையணிந்து எஃகு இலக்குகளைச் சுடும் போட்டிகளை நடத்துகிறது. அங்கே மென்மையான மருந்தளவே வழக்கம். துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்களே அனுமதி. மேற்கே மலைக்காடுகளில் வேட்டையாடுவோர் வலிமை கூட்டிய தோட்டாவை விரும்புவர். இவ்விரு சாராருக்கும் இடையே ஓயாத வாதம் உண்டு. ஆனால், இந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று முதலில் கேட்கவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

அந்த ஒரு கேள்வி கேட்கப்படாவிடில் நேர்வது என்ன? 2021 ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் பழைய மேற்கு நாட்டுக் கதையொன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தனர். நடிகரின் கையில் இருந்தது கோல்ட் ரிவால்வரைப் போல இத்தாலியில் செய்த 45 எண் துப்பாக்கி. மருந்தற்ற போலித் தோட்டாக்களே இருக்கவேண்டிய உருளையில் மெய்த் தோட்டா ஒன்று இருந்தது. ஒத்திகையின்போது அது வெடித்து, ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் என்னும் பெண்மணி உயிரிழந்தார். அவரை ஊடுருவிய குண்டு பின்னே நின்ற இயக்குநரையும் காயப்படுத்தியது. போலித் தோட்டா வெளித்தோற்றத்தில் மெய்த் தோட்டாவைப் போலவே இருக்கும்; அதைக் கையிலெடுத்துக் குலுக்கினால் உள்ளே இட்ட சிறு மணி ஒலிக்கும், அல்லது பக்கத்தில் துளை இருக்கும். அவற்றைக் கொண்டே வேறுபாட்டை அறிய வேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கச் சில விநாடிகளே போதும். உருளையில் இருந்தது கற்பனைக்கு உரிய தோட்டாவா, மெய்யான தோட்டாவா என்பதை அந்தச் சில விநாடிகளின் உழைப்பு அன்று பிரித்துக் காட்டியிருக்கும்.

மாணவ நண்பர்களே! ஒரு கருவியின்மீது விருப்பம் கொள்வது குற்றமன்று. கோல்ட் 45 தோட்டாவில் அறிந்து வியக்கத்தக்கவை பல இருக்கின்றன. கிடைத்த மருந்தின் குறையை எடையால் ஈடுசெய்த திறமை, பின்னுதைப்பை வளைவால் ஆற்றிய கைப்பிடி, நீளத்தைக் காவலாக்கிய பிற்காலத்தார் அறிவு ஆகியவை எந்தப் பொறியியல் மாணவரும் கற்கத்தக்கவை. அதே தோட்டா இரண்டு நாட்டு மக்களின் மண்ணைப் பறிக்கத் துணைநின்றது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது படிப்பாகாது. அருங்காட்சியகம் ஒன்றில் என்றேனும் இத்தகைய துப்பாக்கியைக் கண்ணாடிக்குப் பின்னே காண நேர்ந்தால், அதன் தந்தக் கைப்பிடியையும் செதுக்கு வேலையையும் வியந்த பின்னர், உருளையின் சுவர் எத்துணை மெல்லியது என்பதையும் குனிந்து பாருங்கள். அதனைச் செய்தவர்கள் ஒவ்வொரு நூலளவையும் எண்ணிச் செய்தார்கள். அதனை விரும்புவோரும் அவ்வாறே எண்ணியாகவேண்டும்.